கிழக்கு வீதியின் கசிவு

பாய்லர் ஃபிட்டர் சென்னியப்பனின் டெஸ்டிங் பம்ப் கசியத் தொடங்கிய வருசம், நத்தமேட்டுப்புதூர் கிழக்கு வீதியில் ஒரு சைக்கிளுக்குக்கூடக் காற்று இறங்கவில்லை. காலையில் சுட்ட பூரி சாயங்காலம் வரை உப்பியே கிடந்தது, பிள்ளைகள் உதைத்து உதைத்துத் தோல் உரிந்த பந்துகள் கடையில் வாங்கிய அன்று போல எகிறின, சோடாக் கடையில் கேஸ் ஏற்றாமலேயே கோலிகள் பாட்டில் கழுத்தில் போய் ஒட்டிக்கொண்டன, ஊதாங்குழல்கள் எடுப்பாரில்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடக்க அடுப்புகள் தம்பாட்டுக்கு எரிந்தன. இதற்காக யாரும் வாயைப் பிளந்ததாகத் தெரியவில்லை. மழை நன்றாகப் பெய்த வருசத்தில் கிணற்றுத் தண்ணீர் மேலேறி வருவதைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டார்கள்.

நத்தமேட்டுப்புதூர் அரிசி ஆலைகளின் ஊர். நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும், பாய்லருக்கு வருசந்தோறும் சோதனை வேண்டும். பாய்லரைத் தண்ணீரால் நிரப்பி, டெஸ்டிங் பம்பின் நீளமான கைப்பிடியை அடித்து அடித்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஏறிய இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் பாய்லர் தேறியது, முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. சென்னியப்பனின் பம்ப், ஒரு பஞ்சாலையை இழுத்துப் பூட்டியபோது பழைய இரும்போடு இரும்பாக வெளியே வந்தது. வார்ப்பிரும்புத் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் கைப்பிடி, உள்ளே இரண்டு பித்தளை வால்வுகள்: தண்ணீரை உள்ளே விடுவதற்கு ஒன்று, விட்டதைத் திரும்ப விடாமல் பிடிப்பதற்கு ஒன்று. அவர் மனைவி பாவாத்தாள் பஞ்சு உதறும் பகுதியில் வேலை பார்த்ததும் அதே ஆலையில்தான். ஆலை கொண்டுபோனதை ஆலைச் சாமானே திருப்பிக் கொடுத்தது என்று பிற்பாடு சிலர் காரணம் சொன்னார்கள். அது கேட்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

கசிவு என்ற சொல்லே சென்னியப்பனுக்கு வசவு மாதிரி. எதிர்வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஸ்பேனரோடு போய், யாரும் கூப்பிடாமலேயே அந்த வீட்டுக்குள் நுழைந்து, வாசர் மாற்றிவிட்டு வந்துதான் மறுபடி இலையில் உட்காருவார். அப்படிப்பட்டவர் ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு முற்பகலில், வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில், பம்பின் வாயை அடைப்பால் மூடிச் சும்மா ஒரு சோதனைக்கு அழுத்தம் ஏற்றியபோது முள் பத்து கிலோ அழுத்தத்துக்கு ஏறி, ஒரு கணம் நின்று, வெட்கமில்லாமல் இறங்கியது. மறுபடி அடித்தார், மறுபடி இறங்கியது. இணைப்புகளின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தார். ஈரம் பட்டால் சாம்பல் கறுக்கும், ஆனால் அது உலர்ந்தபடியே இருந்தது. தொட்டியில் தண்ணீர் மட்டமும் மாறவில்லை. வால்வுகள் தேய்ந்துவிட்டன என்பது அவருக்குத் தெரிந்தது, ஆனால் தேய்ந்த வால்வு விட்ட அழுத்தம் எங்கே போகிறது என்பது தெரியவில்லை.

அது வீட்டுக்குள் போயிருந்தது. பாவாத்தாளுக்கு நெஞ்சு முழுக்கப் பஞ்சு என்று டாக்டர்கள் சொல்லிப் பல வருசம் ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குவாள். மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச அவளால் ஆகாது, மிச்சத்தைக் கேட்பவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். அவள் பேச்சை நிரப்புவதில் எதிர்வீட்டுச் சரசுவுக்குக் கை தேர்ந்த பழக்கம், சில நேரம் தனக்குத் தோதாகவும் நிரப்பிவிடுவாள். அந்த முற்பகலில், சென்னியப்பன் கொட்டகையில் சாம்பல் கையோடு நின்றபோது, வீட்டின் ஜன்னலிலிருந்து வீதி முழுக்கக் கேட்கிற குரலில் ஒரு முழு வாக்கியம் வந்தது.

"ஏஞ் சரசு, நோம்பிக்கு வாங்கிட்டுப் போன இட்லிக் குண்டாவக் கழுவிக் கொண்டாந்து வெப்பியா, இல்ல ஆட்டுக்குத் தண்ணி காட்ட வாட்டமா இருக்குதுன்னு அங்கயே வெச்சுக்கிருவியா, இவ எங்க வாயத் தொறந்து கேக்கப் போறான்னுதான நீயும் இத்தன நாளா கமுக்கமா இருக்கறே?"

சரசு அசந்துபோனது அந்தக் குரலுக்காக அல்ல, குண்டா விசயம் வெளியே வந்துவிட்டதற்காக. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சென்னியப்பன் உள்ளே போய்ப் பார்த்தபோது பாவாத்தாள் தலையணைகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, கட்டிலில் மல்லாக்கப் படுத்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டில் ஒரு இடத்தில் விரிசல் இருப்பதாகவும் மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

பொழுது சாயும்போது மூச்சு மறுபடி இழுத்தது. மறுநாள் பம்பை அடித்தபோது மறுபடி விட்டது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர் வீதி முனையில் பஞ்சர் கடை வைத்திருந்த இபுராகிம் பாய்தான், ஏனென்றால் அதில் அடிபட்டவர் அவர் ஒருவர்தான். ஒட்டுப் போடுவதற்காகப் பிரித்து வைத்த ட்யூப்கள் தாமாகவே விறைத்து எழுந்து உட்காருவதை நாலு நாள் பார்த்தவர், ஐந்தாம் நாள் கொட்டகைக்கு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்று, மேஸ்திரி கைப்பிடியை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் தன் பிழைப்பில் மண் விழுகிறது என்று சொன்னார். பிறகு கொட்டகையைப் பார்த்திருந்த வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எட்டி, பாவாத்தாள் படுத்திருப்பதைப் பார்த்தார். அவள் படுத்து அவர் பார்த்ததே இல்லை. மறு பேச்சில்லாமல் போய்க் கடையைக் காலி செய்து, மசூதித் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் போட்டுக்கொண்டார். கசிவு மசூதித் திருப்பம் வரைக்கும்தான் எட்டியது, அதைத் தாண்டினால் டயர்கள் எல்லா ஊர் டயர்களையும் போலவே இருந்தன.

ஒற்றை ஆள் பகல் முழுக்கப் பம்ப் அடிக்க முடியாது என்பதால், கோயில் கமிட்டி கூடி, வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலப் பம்புக்கும் முறை வைத்தது. இன்ன வேளை இன்ன வீடு. முறை தவறிய வீட்டுக்குத் திருவிழாவில் மரியாதை கிடையாது. மருமகள்கள் கைப்பிடியை அழுத்தியபடியே மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள், அழுத்தம் அப்போது நன்றாக ஏறுவதாகச் சென்னியப்பன் சொன்னார். வெளியூர்களிலிருந்து இளைப்புக்காரர்கள் மடக்குக் கட்டில்களோடு வந்து நிழல் பார்த்துப் படுத்தார்கள்; மூச்சுப் போனதால் வாசிப்பை விட்டுவிட்ட ஒரு நாதஸ்வரக்காரர் வந்து மசூதித் திருப்பத்துக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்து பாங்கு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாசித்தார்; பிள்ளைகள் பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பத்தைத் தாண்டி ஓடுவதும், அது சுருங்கியதும் திரும்ப ஓடிவந்து உப்ப வைப்பதுமாக விளையாடினார்கள். பாவாத்தாள் பல வருசமாக வாயில் தேக்கி வைத்திருந்த வாக்கியங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தாள். வீதியில் பாதிப் பேருக்குச் சண்டை வந்தது, மீதிப் பேருக்கு அவர்கள் மறந்துபோன கடன்களும் கல்யாணங்களும் ஞாபகம் வந்தன. அவள் பேசப் பேச, நிரப்புவதற்கு வாக்கியம் இல்லாமல் சரசு பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே தலையாட்டினாள்.

சென்னியப்பனுக்கு இதில் சந்தோசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாய்லர் சோதனைக்கு அவர் வேறொருவரின் பம்பை இரவல் வாங்கிப் போக வேண்டியிருந்தது, இரவல் கொடுத்தவர் கொடுக்கும்போதெல்லாம் சிரித்தார். ஆலைகளில் மற்ற ஃபிட்டர்கள், உங்க வீதியே ஒழுகல்ல பொழைக்குதாமா என்று விசாரித்தார்கள். வெளியூர் இளைப்புக்காரர்கள் நன்றியோடு அவரைக் கசிவு மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள், கும்பிட்டும் கூப்பிட்டார்கள், அவர் யாரோ முதுகில் தட்டியது போலத் திரும்பிப் பார்ப்பார். கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம், வேளைக்கொருவர் முறை மாறி அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பம்பில் முள் ஏறுவதும் இறங்குவதும் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதை, பக்கத்து வீட்டுப் பிள்ளை சேட்டை செய்வதைப் பார்க்கிறவர் மாதிரி, சொல்லவும் முடியாமல் பொறுக்கவும் முடியாமல் பார்த்துவிட்டுப் போவார்.

புரட்டாசியில் பாவாத்தாளின் தங்கை மகளுக்கு வெள்ளகோவில் பக்கத்தில் சடங்குச் சீர் வந்தது. பெரியம்மா முறை என்று ஒரு தட்டு அவள்தான் தூக்க வேண்டும். பட்டுச் சேலை கட்டி, பஸ் ஏறி, மசூதித் திருப்பத்தில் பஸ் வளைந்தபோது அவளுக்கு மூச்சு நின்றது. இறக்கித் திருப்பத்துக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்ததும் திரும்ப வந்தது. தட்டைச் சரசு கொண்டுபோனாள். அன்று மத்தியானம் சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த பாவாத்தாளிடம் சென்னியப்பன் ஒரு கணக்குச் சொன்னார்: தேய்ந்த வால்வே மசூதி வரைக்கும் எட்டுகிறது, அதே வால்வு ஒழுங்காக இருந்தால் வெள்ளகோவில் என்ன, கரூர் வரைக்கும் எட்டும், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தால் தண்ணீர் வேகமாக வருவதில்லையா, அது போலத்தான். பாவாத்தாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாமுங்க, இந்த ஒரு வீதி எனக்குப் போதுமுங்க, இங்கயே பேசித் தீர்க்க எனக்கு நெறையாக் கெடக்குது என்றாள்.

அவர் புளியமரத்தடிக்குப் போய் இபுராகிம் பாயிடம் அதே கணக்கைச் சொன்னார். வால்வைச் சரிசெய்தால் லாபப்படக்கூடிய ஒரே ஆளிடம் யோசனை கேட்டால் சாதகமாகச் சொல்லுவார் என்று அவர் எண்ணியிருக்கலாம். பாய் ரிம்மைச் சுழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மேஸ்திரி, எனக்கு அது நட்டந்தான், நான் இல்லீங்கல. ஆனா அதத் தொட்றாதீங்க."

"கசியுதுங்க பாய்."

"கசியட்டுமுங்க."

"ஒரு ஃபிட்டர் வூட்ல பம்ப் கசியலாமுங்களா?"

பாய் சுழன்ற ரிம்மைக் கையால் பிடித்து நிறுத்தினார். அந்தக் கேள்வியில் வெள்ளகோவிலும் இல்லை, சீரும் இல்லை, பாவாத்தாளும் இல்லை என்பதை இருவருமே கவனித்திருக்கலாம். கவனித்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அமாவாசையன்று ஆலைகளுக்கு விடுமுறை, பம்புக்கும் முறை கிடையாது. முந்தின நாள் பகல் முழுக்க அடித்துக் கசிந்தது அன்று மாலை வரைக்கும் தாங்கும். அன்று காலையில் சென்னியப்பன் பம்பைப் பிரித்தார். வால்வின் முகத்தில் தலைமுடி பருமனுக்கு ஒரு தடம் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது, எத்தனையோ வருசம் எத்தனையோ பேர் அடித்த தண்ணீர் கொஞ்சங் கொஞ்சமாக அறுத்த தடம். அவர் அதை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு தேய்க்கிற பேஸ்ட்டை மெலிதாகத் தடவி, வால்வை அதன் இருக்கையில் வைத்து, மத்துக் கடைவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டித் தேய்த்தார். தடம் மங்கியது, மெலிந்தது, இல்லாமல் போனது. பித்தளை கண்ணாடி போல ஆனது. அதேபோல மற்றதையும் தேய்த்து, எண்ணெயில் ஊறப்போட்ட தோல் வாசரை மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி, கைப்பிடியைப் பிடித்தார்.

வழக்கமாகப் பத்து கிலோ ஏறத் தோள் கடுக்கும் வரை அடிக்க வேண்டும். அன்று நாலைந்து அடிக்கே முள் விறுவிறுவென்று ஏறிப் பத்தில் போய் நின்றது. தன் வேலை அவ்வளவு சுத்தம் என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். வீதி முழுக்கப் பரவிக் கிடந்ததை அந்த வால்வு வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஒரு ஃபிட்டர் எப்படி நினைப்பார்? முள் நின்றது. அவர் பீடி பற்ற வைக்க மறந்து நின்றார். முள் நின்றது. மீட்டர் கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தார், துளி அசையவில்லை. கம்பியில் எதையோ தட்டுகிற சத்தம் எங்கிருந்தோ மெல்லக் கேட்டது, லேத் பட்டறையில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தார், அமாவாசைக்கு லேத் பட்டறையும் விடுமுறை என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வாசலில் போன ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார், அவர் பார்த்துவிட்டு, மேஸ்திரின்னா மேஸ்திரிதானுங்க என்றார். சோதனைக்கு உரிய அரை மணி நேரம் முழுவதும் சென்னியப்பன் அந்த முள்ளின் முன்னால் நின்றார், அந்த அரை மணி நேரமும் சந்தோசமாக இருந்தார், பிற்பாடு எதைக்கொண்டும் கழுவ முடியாமல் போனது அந்தச் சந்தோசத்தைத்தான்.

கம்பியைத் தட்டியது பாவாத்தாள். டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கூப்பிட மூச்சில்லை. வீதியில் டயர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன, தட்டில் பூரிகள் அமுங்கின, நாதஸ்வரம் பாதியில் நின்றது, மடக்குக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். சரசுதான் ஓடிவந்து பாவாத்தாளைத் தூக்கி உட்கார வைத்து, கீழே கிடந்த தலையணைகளை முதுகுக்கு அடுக்கினாள். சென்னியப்பன் உள்ளே வந்தபோது பாவாத்தாள் அவரைப் பார்த்து, பம்பு நின்னுருச்சுங்களா என்று கேட்க வாயெடுத்தாள். பாதி வந்தது. மீதியை யாரும் நிரப்பவில்லை.

அவர் கொட்டகைக்கு ஓடிப்போய், வால்வைத் திரும்பப் பிரிப்பதற்காக அழுத்தத்தை வெளியே விடும் திருகைப் பிடித்தபோது, வீதியில் டயர்கள் இறங்குவதைக் கண்டு ஓடிவந்திருந்த இபுராகிம் பாய் அவர் கையின்மேல் கை வைத்தார். உள்ளே நிற்கிற அந்தப் பத்து கிலோதான் வீதியில் இருந்தது மொத்தமும், திறந்தால் அதோடு சரி என்று பாய் சொன்னார். திறக்காமல் என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். வேறு பழைய பம்புகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். பழைய இரும்புக் கடைகளில் தேய்ந்த வால்வுகளாகப் பொறுக்கி மாட்டினார்கள். சென்னியப்பன் புதுப் பித்தளையில் அரத்தால் தடம் இழுத்தார், மணல் கலந்த தண்ணீரை அடித்து அடித்து அறுக்கப் பார்த்தார். எல்லாமே கசிந்தன, சாம்பல் கறுத்தது, தரையில் தண்ணீர் ஓடியது, வேறெதுவும் நடக்கவில்லை. தேய்மானத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், திருப்பி வைக்க முடியாது. பாவாத்தாளின் கட்டிலருகே இருந்து எழுந்து வரும் ஒவ்வொரு தடவையும் அவர் கொட்டகையில் முள்ளைப் பார்த்தார், அது அங்கேயே நின்றது, அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை.

கோயில் கமிட்டி மறுபடி கூடியது. மடக்குக் கட்டில்காரர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள், நியாயம்தான் என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் அது பாவாத்தாளுக்கு, அவள் சொல்கிற நாளில் திறப்பது, அந்த நேரத்தில் வீதியில் இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது கிடைக்கட்டும் என்று முடிவாயிற்று. அவளிடம் கேட்டபோது, இப்பவே தொறந்துருங்க என்றாள். சென்னியப்பன் மார்கழிக் குளிருக்கு வேண்டியிருக்கும் என்று தள்ளினார். மறுபடி கேட்டாள், மறுபடி தள்ளினார். அவள் கேட்பதை நிறுத்தியபோதுதான் பயந்துபோய் ஒரு காலையில் எல்லோரையும் கூப்பிட்டார்.

திருகைக் கால் சுற்றுத் திறந்தார். சத்தம் ஒன்றும் இல்லை. முள் மெதுவாக இறங்கத் தொடங்கியது, சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிள் ஒன்று கொஞ்சம் நிமிர்ந்தது, திருப்பத்துக்கு அருகே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். அவர் பாயை முள்ளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். பாவாத்தாள் தலையணைகளிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் சரசுவிடம் குண்டாவை அவளே வைத்துக்கொள்ளலாம் என்றாள், ஜன்னல் வழியாகப் பாயிடம் கடையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடச் சொன்னாள், தங்கை மகளுக்கு எந்தச் சேலை, யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள். பிறகு சென்னியப்பனைப் பார்த்தாள். பம்பைப் பிரித்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவர் அவசரமாகச் சொன்னார்.

"உன்னைய வெள்ளகோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாமுன்னுதான் பாவாயி அதப் பிரிச்சேன்."

"இல்லீங்க," என்றாள் பாவாத்தாள். "முள்ளு நிக்கோணும்னுதான் பிரிச்சீங்க, அது எனக்குத் தெரியாதுங்களா, நான் இந்தச் சன்னல்ல கம்பியத் தட்டிட்டே உங்க மூஞ்சியத்தானே பாத்துட்டிருந்தேன், கண்ணாலம் ஆகி இத்தன வருசத்துல அப்பிடியொரு மூஞ்சி உங்களுக்கு நான் பாத்ததே இல்லீங்க, கூப்பிட மனசே வரலீங்க அப்புறம், அதுனால தட்டறத நிறுத்திட்டேன்; நல்லாத்தானுங்க நின்னுச்சு, ஒரு நூலு எறங்கல."

அவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. அவள் மறுத்துப் பேசுவதற்கு மூச்சு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். கொட்டகையிலிருந்து பாய், முள் கீழே வந்துவிட்டதாகக் குரல் கொடுத்தார். பாவாத்தாள் தலையணையில் சாய்ந்துகொண்டு, சொல்லுங்க என்பது போலத் தலையை மட்டும் அசைத்தாள். பதிலுக்கு அவள் ஒன்றும் சொல்ல முடியாத இடத்தில் அதைச் சொல்வது சரியல்ல என்று பட்டதால் அவர் சொல்லவில்லை. தை பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

சென்னியப்பன் இப்போதும் பாய்லர் சோதனைக்குப் போகிறார். பம்பை அவர்தான் அடிக்கிறார், வேலையில் குறை சொல்ல முடியாது. முள் ஏறிப் பத்தைத் தொட்டதும் மட்டும் கைப்பிடியை விட்டுவிட்டு, ஆலை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம், நிக்குதுங்களா என்று கேட்கிறார்.

"அசையாம நிக்குதுங்க மேஸ்திரி, வந்து பாருங்க."

"நேரம் ஆனதும் எறக்கீருங்க," என்கிறார் சென்னியப்பன்.